வீடு கிளியர்

இல்லக்கா, நீங்க உக்காருங்க, மூணு பேர் சீட்டுதான். பிள்ளை என் மடியில சாஞ்சுக்குவா. பையை மேல வைக்க வேணாம், காலடியிலயே இருக்கட்டும். மேல வச்சா அதையும் மறந்துட்டு எறங்கிடுவேன்.

என்ன பாக்கறீங்க, இந்த முடிச்சையா? துப்பட்டாதான். ஒரு முனை என் கையில, ஒரு முனை அவ கையில. திருச்சி பஸ் ஸ்டாண்டுல ஒரு போலீஸ்காரம்மா புடிச்சுக்கிச்சு. பிள்ளையைக் கடத்திட்டுப் போறேன்னு நெனச்சிருக்கு. ஆதார் கார்டைக் காட்டி, போன்ல போட்டோவைக் காட்டி, கடைசியில இவளே "எங்கம்மாதான்"னு சொன்னப்புறம்தான் விட்டுச்சு. சிரிங்க, பரவால்ல. எனக்கும் சிரிப்பு வந்துருக்கணும். அந்தம்மா "உங்கம்மாதானா?"ன்னு கேட்டப்போ இவ பதில் சொல்ல கொஞ்சம் லேட்டாக்குனா பாருங்க, அந்த நேரம் நான் இந்த முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டேன்.

நீங்க எதுவரைக்கும்? மன்னார்குடியா? நாங்களும் அங்கதான். இந்த பஸ்ஸு திருத்துறைப்பூண்டி வரைக்கும் போகும், தூங்கிட்டோம்னா அங்க கொண்டுபோய் விட்டுருவான். நான் தூங்க மாட்டேன். தூக்கம்னு ஒண்ணு எனக்கு மூணு மாசமா இல்ல.

பேரு ஆதிரை. அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது. பஸ்ஸு கிளம்புனா போதும், தூங்கிடுவா. வண்டியிலயே வளந்த பிள்ளைக்கா. எங்க வீட்டுக்காரரு ரோடு போடற கம்பெனியில சூப்பர்வைசரு. நாலு வழிச் சாலை. ரோடு எதுவரைக்கும் வந்துருக்கோ அதுக்குப் பக்கத்துல நாங்க இருப்போம். ரோடு நகர்ந்தா நாங்களும் நகரணும். ஆறு வருசத்துல ஏழு வீடு. இவ குப்புற விழுந்தது ஓசூர் பக்கம். தவழ்ந்தது தும்கூர்ல, தகரக் கொட்டாயில. எட்டு வச்சு நடந்தது அன்னைக்குத்தான் போட்ட புது ரோட்டு மேல, இன்னும் வண்டியே விடாத ரோடு. இவரு அந்தப் பக்கம் குந்திகிட்டு கை நீட்ட, நான் இந்தப் பக்கத்துலேருந்து விட, நாலு எட்டு வச்சா. காது குத்துனது ராணிப்பேட்டையில, யாரோ ஒரு பத்தர், யாரோ ஒரு மடி. தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுக் குத்தணும்னு எங்கண்ணன் இன்னைக்கும் கோவமா இருக்கு.

மொத மொத என்ன பேசுனா தெரியுமா? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. லாரி பின்னால வரும்போது கிளீனர் பசங்க நின்னுகிட்டு "வா வா வா வா, போதும்"னு சொல்லி உள்ளங்கையைக் காட்டுவாங்க இல்ல, அதுதான். நான் சோத்துக் கிண்ணத்தோட கிட்ட போனா "வா வா வா"ம்பா. வயிறு நெறஞ்சா கையைத் தூக்கி "போதும்"பா. கேம்ப்புல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

நல்லாத்தான் இருந்தோம்க்கா. பொய் சொல்லல. மூட்டை கட்டறது எனக்குக் கைவந்த வேலை. ரெண்டு மணி நேரத்துல ஒரு வீட்டை சுருட்டி வண்டியில ஏத்திடுவேன். இவரு கம்பெனியில மத்தவங்க பொண்டாட்டிங்கல்லாம் எங்கிட்டதான் வந்து கேப்பாங்க, கண்ணாடி சாமானை எப்படிக் கட்டறது, அரிசி டப்பாவை எங்க வைக்கறதுன்னு. ஒரு ஸ்பூனு விட்டுட்டு வந்ததில்ல நானு. ஒரு ஸ்பூனு.

அந்த ஊரு விருத்தாசலத்துக்கு இந்தப் பக்கம். பேரு வேணாம்.  அங்க எங்களுக்கு வாடகை வீடு இல்ல. ரோட்டுக்காக எடுத்த வீடு. வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க, இடிக்க இன்னும் நாளிருக்கும். அதுவரைக்கும் கம்பெனி ஆளுங்களை அதுல தங்க வச்சுக்குவாங்க. நல்ல வீடுதான், ஓட்டு வீடு. முன்னால ஒரு ரூமு, அந்தாண்ட சமையக்கட்டு. வாசச் செவுத்துல செவப்புல பெருக்கல் குறி போட்டு நம்பர் எழுதிருக்கும். அந்தக் குறியைப் போட்டது யாருங்கறீங்க? எங்க வீட்டுக்காரருதான். அவரு வேலையே அது. எட்டு மாசம் அந்தக் குறிக்குப் பக்கத்துலதான் கோலம் போட்டேன்.

எந்த வீட்டை என்னைக்கு இடிக்கணும்னு அவருதான் சீட்டு எழுதித் தருவாரு. கடைசியா எங்க வீடு. ஒரு திங்கக்கெழம, காலையில பத்து மணிக்குன்னு அவரு கையாலயே எழுதுனாரு. எழுதிட்டு எங்கிட்ட காட்டிச் சிரிச்சாரு, "நம்ம வீட்டுக்கே நான் நாள் குறிக்கறேன் பாரு கோதை"ன்னு. அடுத்த எடம் ஆத்தூர் பக்கம். சாமானெல்லாம் சின்ன யானை வண்டியில, அதுல டிரைவரோட இவரு. பின்னால கம்பெனி ஜீப்பு, அதுல நானும் பிள்ளையும். ஜீப்பு பின்சீட்டுல மெத்தை, தலகாணி, போர்வையெல்லாம் அடைச்சு வச்சிருந்தேன். எப்பவும் அதுக்குள்ளதான் இவ புகுந்துகிட்டு வருவா. எட்டிப் பாத்தா ஒரு கால்தான் தெரியும்.

அதுக்கு மொத நாள் சாயங்காலம் இவளுக்கு மொத பல்லு விழுந்துச்சு. கீழ் வரிசையில முன்பல்லு. நானே ஆட்டி ஆட்டி எடுத்தேன். "கூரை மேல போடணும்மா, போடணும்மா"ன்னு குதிக்கறா. நம்ம பக்கமெல்லாம் அப்படித்தானே? நான் சொன்னேன், "இந்தக் கூரை நாளைக்கு இருக்காதுடி, புது வீட்டுக் கூரை மேல போடலாம்"னு. சொல்லி ஒரு தீப்பெட்டியில பல்லை வச்சு சமையக்கட்டு அலமாரியில வச்சேன்.

காலையில கெளம்பற அவசரத்துல அது எங்கேருந்து ஞாபகம் வரும்? எனக்கு வரல. அவளுக்கு வந்துருக்கு.

தப்பு அவருதுக்கா. நான் யார்கிட்ட வேணாலும் சொல்லுவேன். வீட்டை மூடறதுக்கு முன்னால உள்ள ஒரு சுத்து போய்ப் பாக்கணும், அது கம்பெனி சட்டம். பாத்துட்டு, ஆளோ ஆடோ நுழைஞ்சிடக் கூடாதுன்னு வெளிக்கொண்டியைப் போட்டு செவப்பு ரிப்பன் கட்டணும். கட்டிட்டு ஜேசிபி ஆபரேட்டருக்கு போன் போட்டு "வீடு கிளியர்"னு சொல்லணும். எல்லாம் செஞ்சாரு. ஆனா சுத்திப் பாத்தது எட்டரைக்கு. அதுக்கப்புறம் கயிறு கட்டறேன்னு வண்டிக்குப் போயிட்டாரு. கயிறு கட்டி முடிச்சு வந்து கொண்டியைப் போட்டாரே, அப்ப இன்னொரு வாட்டி உள்ள எட்டிப் பாக்க வேணாமா? ஒரு வாட்டி? அந்த ஒரு வாட்டியை நான் மூணு மாசமா கேட்டுகிட்டு இருக்கேன். அவரு ஒரு வார்த்தை பதில் சொன்னதில்ல.

பதில் சொல்ல அவருகிட்ட இருக்கு. சொல்ல மாட்டாரு, அவ்ளோதான். சரி, நானே சொல்லிடறேன், நீங்க யாரோ நான் யாரோ. கொண்டியில கை வச்சுகிட்டு என்னைப் பாத்து "பிள்ளை?"ன்னு கேட்டாருக்கா. கேட்டாரு. நான் ஜீப்புல உக்காந்துட்டேன். "ஏறிட்டா, ஏறிட்டா, நீங்க கெளம்புங்க"ன்னேன்.

நான் சும்மா சொல்லலக்கா. பின்னால திரும்பி "ஆதி, ஏறிட்டியா?"ன்னு கேட்டேன். "ம்"னு சத்தம் கேட்டுச்சு. சத்தியமா கேட்டுச்சு. ஜீப்பு டிரைவரு ஏதாவது மொனகுனானோ, மெத்தை சரிஞ்சுதோ, எனக்குத் தெரியாது. எங்காதுல "ம்"னு விழுந்துச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளை சத்தம்?

தெரியலையே.

ஒரு அம்பது நிமிசம் போயிருப்போம். ரோட்டோரம் ஒரு டீக்கடை, முன்னாலயே சின்ன யானை நின்னுகிட்டு இருக்கு. நானும் எறங்கி இவளுக்கு ஒரு தேங்காய் பன்னு வாங்குனேன். பின் கதவைத் தொறந்து போர்வையைத் தூக்குனேன். தலகாணி. அதுக்குக் கீழ மெத்தை. அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல பாருங்க. சரி, அப்பாகிட்ட முன் வண்டிக்கு ஓடிருப்பான்னு பன்னைத் தூக்கிகிட்டு நடக்கறேன். இவரு டீ கிளாசோட திரும்பி என்னையப் பாத்து, "பாப்பா தூங்குதா?"ங்கறாரு.

அக்கா, அந்த நேரத்தை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.  அவரு கிளாஸை மெதுவா பெஞ்சு மேல வச்சாரு. வாட்சைப் பாத்தாரு. ஒம்பது நாப்பது. அவரு வாட்சைப் பாத்ததும்தான் எனக்கு பத்து மணி ஞாபகமே வந்துச்சு.

ஆபரேட்டருக்குப் போட்டாரு. ரிங்கு போவுது, எடுக்கல. தேவேந்தர்னு பீகார்க்காரரு, வேலை நேரத்துல போனை சாப்பாட்டுப் பையில போட்டு மரத்துல மாட்டிருவாரு. கூட இருக்கற பையன் போனு சுவிட்ச் ஆஃப். மறுபடி தேவேந்தரு. மறுபடி. நான் கத்தறேன், "பக்கத்து வீட்டுக்கு யாருக்காவது போடுங்க, யாருக்காவது போடுங்க"ன்னு. அவரு என்னைப் பாக்கறாரு. "யாருக்கு?"ன்னு கேட்டாரு.

எட்டு மாசம் இருந்தோம்க்கா அந்த ஊர்ல. ஒருத்தர் நம்பர் எங்கிட்ட இல்ல. எதிர்வீட்டுல ஒரு அம்மா இருந்துச்சு, இவளுக்கு அப்பப்ப கொய்யாப்பழம் கொடுக்கும். அதோட பேரே எனக்குத் தெரியாது. எப்படியும் போகப் போற ஊருதானே, எதுக்குப் பழகிகிட்டு, அப்புறம் அழுதுகிட்டுன்னு நான் யாரோடயும் ஒட்ட மாட்டேன். அதை ஒரு சாமர்த்தியமா நெனச்சுகிட்டு இருந்தேன். கடைசியில என் பிள்ளை உள்ள இருக்கான்னு போய்ச் சொல்ல ஒரு மனுசர் இல்ல.

ஜீப்பை அவரே ஓட்டுனாரு. நான் பக்கத்துல உக்காந்து ரீடயல் போட்டுகிட்டே வரேன். ரிங்கு போவுது, போவுது, நின்னு போவுது. கையில அந்தப் பன்னு இருந்திருக்கு, நசுக்கிப் பொடியாக்கிட்டேன். வழியில ஒரு ரயில்வே கேட்டு. மூடிருந்துச்சு. கூட்ஸு வண்டி. எண்ணி முடியாத நீளம் அக்கா. அவரு எறங்கிப் போய் கேட்டுக்காரர் காலைப் புடிக்கறாரு. அந்தாளு என்ன பண்ணுவான், ரயில் போவுது. நான் ஜீப்புல உக்காந்து எங்க குலசாமிகிட்ட பேரம் பேசறேன். மொட்டை போடறேன், மண் சோறு திங்கறேன், இவ காலு போனாலும் பரவால்ல, கை போனாலும் பரவால்ல, உயிரை மட்டும் வச்சிரு. பெத்தவ வேண்டற வேண்டுதலா அது? காலு போனாலும் பரவால்லன்னு என் வாயாலயே சொன்னேன்.

ஊருக்குள்ள திரும்பறப்பவே தூசி தெரிஞ்சுது. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்து அந்தத் தூசி எப்படி எழும்பும்னு எனக்கு நல்லாத் தெரியும், எத்தனை வீட்டுல பாத்துருக்கேன்! அவரு வண்டியை நிறுத்தல, வண்டி ஓடிகிட்டு இருக்கும்போதே குதிச்சேன். இங்க பாருங்க, முட்டியில தழும்பு.

முன் ரூம் செவுரு இல்ல. ஓடெல்லாம் சரிஞ்சு தொங்குது. ஜேசிபி நிக்குது, அதோட கை அப்படியே மேல தூக்குன வாக்குல நிக்குது. சத்தம் இல்ல. வேப்பமரத்தடியில தேவேந்தர் உக்காந்திருக்காரு, மடியில ஏதோ வெள்ளையா ஒண்ணு. சுண்ணாம்பு மூட்டைன்னு நெனச்சேன்க்கா. அது கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு.

ஒரு கீறல் இல்ல. சாமி சத்தியமா ஒரு கீறல் இல்ல. தலையெல்லாம் வெள்ளை, புருவம் வெள்ளை. கால்ல செருப்பு, கழுத்துல தண்ணி பாட்டிலு, ஊருக்குக் கெளம்புன மாதிரியே இருக்கா. கையில தீப்பெட்டி.

தேவேந்தர் என்ன நடந்துச்சுன்னு அரைத் தமிழ்ல சொன்னாரு. டீசல் வர லேட்டாகி, நாங்க வரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வேலையையே ஆரம்பிச்சாராம். மெஷினை எடுக்கறதுக்கு முன்னால மூணு வாட்டி ஹாரன் அடிப்பாராம், பூனை நாய் ஏதாவது இருந்தா ஓடட்டும்னு. ஹாரன் அடிச்சதும் முன் ரூம் ஜன்னல்ல நின்னுகிட்டு இருந்த இவ அதை விட்டுட்டு சமையக்கட்டு நிலைப்படிக்குப் போயிட்டா. ஒரு இடி இடிச்சிருக்காரு. செவுரு விழுந்துச்சு. அடுத்த இடிக்குக் கையைத் தூக்கறாரு, தூசிக்குள்ள ஒரு சின்ன உள்ளங்கை தெரிஞ்சுதாம். நேரா நீட்டிகிட்டு. லாரிக்குக் காட்டுவாங்களே, போதும்னு, அந்த மாதிரி.

அந்தாளு பிள்ளையை எங்கிட்ட குடுக்கல தெரியுமா? நான் கை நீட்டறேன், அவரு மடியோட சேத்துப் புடிச்சுகிட்டு என்னையே பாக்கறாரு. எவ்ளோ நாள் எங்க வீட்டுல சாப்பிட்டிருக்காரு! அப்படிப்பட்டவரு, "இது உங்க பாப்பாவா?"ன்னு கேக்கறாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "சார், கிளியர் சொன்னீங்க. நீங்க கிளியர் சொன்னீங்க சார்"ங்கறாரு, திரும்பத் திரும்ப அதையே. இவரு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. ரெண்டு நாள்ல தேவேந்தர் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. மெஷின்ல ஏறவே கால் வரலைன்னாராம்.

கண்ணைத் தொடைச்சுக்கங்கக்கா. கதை அதோட முடியல. முடிஞ்சிருந்தா நான் எதுக்கு துப்பட்டாவைக் கட்டிகிட்டு அலையறேன்?

இவ அழலக்கா. அன்னைக்கும் அழல, இன்னைக்கு வரைக்கும் அழல. தேவேந்தர்கிட்ட ஒண்ணு சொல்லிருக்கா, "ஜீப்பு போனதைப் பாத்தேன்"னு. பாத்துருக்காக்கா! தீப்பெட்டியை எடுத்துகிட்டு வந்து பாத்தா கதவு மூடிருக்கு. முன் ரூம் ஜன்னல்ல நின்னுகிட்டு, நாங்க கெளம்புனதை, ஜீப்பு ஸ்டார்ட் ஆனதை, எல்லாத்தையும் பாத்துகிட்டு இருந்துருக்கா. அந்த ஜன்னலுக்கும் நான் உக்காந்திருந்ததுக்கும் பத்தடி இருக்குமா? அம்மான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். இவ தொண்டை என்ன சாதாரண தொண்டையா, ஐஸ்காரன் மணியடிச்சா ஊரு முழுக்கக் கேக்கும் இவ கத்தறது. ஜேசிபியையே கை காட்டி நிறுத்துன பிள்ளை, பெத்தவளைக் கூப்பிடலையே, ஏன்?

கேட்டுட்டேன். கொஞ்சிக் கேட்டேன், திட்டிக் கேட்டேன். சாக்லேட் வாங்கிக் குடுத்துக் கேட்டேன். ஒரு வாட்டி தோளைப் புடிச்சு உலுக்கியே கேட்டுட்டேன். தலையைக் குனிஞ்சுக்குவா. தப்பு பண்ணுன மாதிரி.

யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபுடிச்சேன். இவளுக்கு எங்க மேல ஒட்டுதல் இல்லக்கா. ஏழு வீடு மாத்துனா எங்கேருந்து ஒட்டும்? எதையும் விட்டுட்டுப் போறதுதான் வழக்கம்னு அவ மனசுல பதிஞ்சு போச்சு. பழைய வீடு, பழைய தெரு, பழைய சிநேகிதி, அந்த மாதிரி இன்னைக்கு நம்மளையும் விட்டுட்டாங்க போலன்னு நெனச்சுகிட்டு நின்னுருக்கா. நெனச்சுப் பாருங்க அதை! எனக்கு இவளைப் பாத்தா பயமா இருக்கு. அதை விட என்னைப் பாத்தா பயமா இருக்கு. குக்கரை மறக்காதவ, கோலப்பொடி டப்பாவை மறக்காதவ, பிள்ளையை மறந்தேன். மறந்துட்டு டீக்கடையில எறங்கி, பன்னு நேத்து பன்னா இன்னைக்குப் பன்னான்னு கேட்டு வாங்குனேன். இன்னொரு வாட்டி மறக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஆத்தூர்ல தெனமும் பத்து வாட்டி எழுந்து மூக்குல கை வச்சுப் பாக்கறேன். கிணத்தடிக்குப் போனா இவளையும் இழுத்துகிட்டுப் போறேன். அவரு ஒரு நாள், "கோதை, பிள்ளையை மூச்சு விட விடு"ன்னாரு. மூணு மாசத்துல அவரு பேசுன பெரிய பேச்சே அதுதான்.

அதான் முடிவு பண்ணிட்டேன். மன்னார்குடியில எங்கண்ணன் வீடு, சொந்த வீடு, முப்பது வருசமா அதே வீடு. அண்ணி இஸ்கூல் டீச்சர். அங்க விட்டு ஒண்ணாங்கிளாஸ் சேத்துடறோம். ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே இஸ்கூலு. என் கையில இல்லாம இருந்தா பத்திரமா இருப்பா. மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துக்குவேன். அவருக்கு இஷ்டமில்ல. வரமாட்டேன்னுட்டாரு. பஸ்ஸு ஏத்திவிடக்கூட வரல.

இல்லக்கா, இவகிட்ட சொல்லல. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போறோம்னுதான் சொல்லிருக்கேன். சொன்னா அழுவா. அழ மாட்டா, அதான் எனக்குப் பயம். அழாம என்னைப் பாத்துகிட்டு நிப்பா, அந்த ஜன்னல்ல நின்ன மாதிரி. என்னால தாங்க முடியாது. அதனால நாளைக்கு விடியக்காலம், இவ எழுந்திருக்கறதுக்குள்ள நான் அஞ்சரை பஸ்ஸைப் புடிச்சிருவேன். அண்ணி பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? அன்னைக்கு விட்டது மறதி. இது அவ நல்லதுக்கு. ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க.

வடுவூர் தாண்டிருச்சா? இன்னும் கால்மணி நேரம்தான்.

என்ன, முழிச்சிருக்காளா? எப்பலேருந்து? ஆதி, எழுந்துட்டியாடி? தண்ணி குடிக்கறியா? இல்லக்கா, கேக்காதீங்க, அவ சொல்ல மாட்டா. நூறு வாட்டி கேட்டாச்சு. வேணாம்க்கா.

சரி, கேளுங்க. பெரியம்மா மாதிரிதான் கேக்கறாங்க, சொல்லுடி. உன்னை அடிக்க மாட்டேன். அன்னைக்கு ஏன் அம்மாவைக் கூப்பிடல?

என்ன? சத்தமா சொல்லு, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல.

கெளம்பறவங்கள...? பின்னாலேருந்து கூப்பிடக் கூடாதா? யாரு சொன்னா?

நானா?

எப்ப சொன்னேன்? ராணிப்பேட்டையிலயா? அப்பா பைக்குல கெளம்பறப்போ நீ கூப்பிட்டியா... அப்பா திரும்பிப் பாத்துட்டுப் போனாரு... ஆமா. ஆமாக்கா. அன்னைக்குத்தான் அவரு பைக்கு சறுக்கிக் கை ஒடைஞ்சுது. இவளுக்கு மூணு வயசு. நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கோவத்துல, "நீ பின்னால கூப்பிட்டதாலதான்டி"ன்னு... அடிச்சேன். முதுகுல ஒண்ணு வச்சேன். எனக்கு மறந்தே போச்சுக்கா. அப்படி ஒண்ணு நடந்ததே எனக்கு மறந்து போச்சு.

என்னடி? நீங்களே கேளுங்கக்கா, எனக்குக் கேட்டது சரிதானா? கூப்பிட்டா ஜீப்பு கவுந்துரும்னு பேசாம நின்னாளாம். அம்மா அடிபட்டுருமேன்னு. நாங்க போய் எறங்குற வரைக்கும் வாயைத் தொறக்காம இருந்துட்டு, எறங்கினப்புறம் கூப்பிடலாம்னு இருந்தாளாம். எறங்கிட்டோமான்னு எப்படிடி உனக்குத் தெரியும்? நூறு எண்ணுனியா? எத்தனை நூறு?

இதையாடி மூணு மாசமா சொல்லாம வச்சிருந்த? சொன்னாலும் அடிபட்டுரும்னா?

ஒண்ணுமில்லக்கா. ஒண்ணுமில்ல. என் கையைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. 

மன்னார்குடி வந்துருச்சு. அந்தா, நீலப் பொடவை, அதான் எங்கண்ணி. பக்கத்துல அண்ணன். கை காட்டறாங்க. எந்திரி ஆதி, செருப்பைப் போட்டுக்க.

என்ன சொல்ற? காதுல சொல்லு.

அக்கா... இவ தூங்கவே இல்லக்கா. எல்லாத்தையும் கேட்டுகிட்டுதான் வந்துருக்கா. "அஞ்சரை பஸ்ஸுக்கு நீ போறப்போ எனக்கு முழிப்பு வந்துட்டாலும் கூப்பிட மாட்டேம்மா, நீ பயப்படாம போ"ங்கறா.

நீங்க எறங்குங்கக்கா, வழியில நிக்காதீங்க, பின்னால ஆளுங்க வராங்க. எங்கண்ணிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்ல, ஒண்ணும் சொல்ல வேணாம், நானே போன் பண்ணிக்கறேன். கண்டக்டர் சார், இந்த பஸ்ஸு எங்க வரைக்கும் போகுதோ அங்க வரைக்கும் ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃப் குடுங்க. ஆமா, எறங்கல. நாங்க ரெண்டு பேரும் எறங்கல.